வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எத்தனை புள்ளி?

மாநிலங்களின் பள்ளிக்கல்வியை எடைபோட மத்திய அரசு வகுத்த செயல்திறன் தரக் குறியீடு 2017-18ஆம் கல்வியாண்டிலிருந்து தொடங்குகிறது. மொத்தம் 1000 புள்ளிகள். அவற்றுள் நிர்வாக நடைமுறைகளுக்கு 360. கற்றல் விளைவுகளுக்கு 180. அதாவது, வருகைப்பதிவு கணினியில் ஏறுவதும் நிதி உரிய நாளில் கைமாறுவதும் பிள்ளை கற்பதைவிட இருமடங்கு முக்கியமாம்! 2021-22இல் குறியீட்டைத் திருத்தினார்கள். கற்றலுக்கு 240 ஆயிற்று, கால்பங்கைக்கூட எட்டவில்லை.

பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய 'அசர்' ஆய்வின் முறையோ மிக எளியது. தொண்டர்கள் பிள்ளைகளை வீட்டில் சென்று பார்க்கிறார்கள். தனித்தனியே அமர்த்தி எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை எனப் படிக்கச் சொல்கிறார்கள். ஏன் வீட்டில்? பதிவேட்டில் பெயரிருந்தும் பள்ளிக்கு வராத பிள்ளையையும், படிப்பையே நிறுத்திவிட்ட பிள்ளையையும் வகுப்பறையில் காண முடியாதல்லவா? 2018இல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால்தான் அக்கதையை வாசிக்க இயன்றது.

'கல்வி என்பது வாசிப்பு மட்டுமன்று' என்று அறிஞர் சிலர் நம்மை மறிப்பர். மெய்தான். ஆனால், அச்சிட்ட ஒரு பத்தியைக் கடக்க இயலாத பிள்ளைக்கு வரலாற்றையும் அறிவியலையும் எவ்வழியில் ஊட்டப்போகிறார்கள்? இலக்கியத்தை விடுங்கள், அது எங்கள் ஆற்றாமை.

அடுத்த திருத்தத்தில் பாதிப் புள்ளிகளையேனும் கற்றலுக்கு ஒதுக்க வேண்டும். அதைச் சோதிப்பவர் துறையைச் சாராதவராக இருக்க வேண்டும். வீடு தேடிச் செல்லவும் வேண்டும்.