பேட்டரி மீது பழி போடுமுன் அளந்து பாருங்கள்

காரில் புது ஆடியோ செட் மாட்டிய மறுவாரமே காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ‘பேட்டரி போச்சு, மாத்திடுங்க’ என்பதே பல கடைகளின் பதில். அளக்காமல் சொல்லும் இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது. செட்டின் மஞ்சள் ஒயர் நேரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைக்க எப்போதும் 12 வோல்ட் வாங்கும். சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வர வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினாலோ, ஆம்பின் ரிமோட் ஒயரை நேரடி லைனில் கொடுத்தாலோ, சாவியை எடுத்த பிறகும் கசிவு நிற்காது. நிறுத்திய வண்டி இழுப்பது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி, கணக்குப்படி 90 மணி நேரத்தில் காலி. செல்ஃப் எடுக்கும் வலு அதற்கு முன்பே போய்விடும். புது பேட்டரிக்கும் அதே கதிதான்.

இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் வீறிடும் சத்தத்துக்கும் செட்டையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பெயின்டைச் சுரண்டாமல் போல்ட்டை முறுக்கிய எர்த்தான் காரணம். ஃபியூஸ் போனால் 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவது இதைவிட மோசம். ஃபியூஸ் காப்பது ஒயரை, பாட்டை அல்ல. ஒயர் தீப்பிடித்த பிறகு செட் நல்லதா கெட்டதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அனுபவசாலிக்கு டெஸ்ட் லைட்டே போதும் என்பார்கள். மின்சாரம் வருகிறதா என்பதை அது சொல்லும். எத்தனை மில்லி ஆம்பியர் கசிகிறது என்பதைச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்பது கடைக்காரர் தரப்பு. அதில் நியாயம் உண்டு, கூலியைக் குறைக்கச் சொல்லி நெருக்குவது நாம்தானே. ஆனால் வேலை இவ்வளவுதான்: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இடையில் கொடுத்து, வண்டியின் கம்ப்யூட்டர்கள் அடங்கும்வரை அரை மணி பொறுத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது எண் விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. அப்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, மீட்டர் போய்விடும். செட் மாட்டும்போது ஒயரை வெட்டாமல் இணைக்க உதவும் கப்ளர் கூடுதல் செலவுதான். ஆனால் ஒயரை வெட்டிவிட்டால் நாளை வாரண்டியில் கம்பெனி கைவிரிக்க நாமே காரணம் கொடுத்தவர்களாவோம். எனவே செட் மாட்டக் கொடுக்கும்போதே ஒயரை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டியை எடுக்குமுன் கசிவை அளந்து, அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.