அரைப்பேர் போடுற திரை

தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு 'அரைப்பேர்'னா என்னன்னு சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்காக ஒரு வரி: அன்னைக்குக் கேட்ட கிலோ கொழுந்து வரலைன்னா, நாள் முழுக்க மலையில நின்னாலும் செக்ரோல்ல பாதிச் சம்பளம்தான் விழும்.

வெப் டிசைன் படிக்கப் போன இடத்துல எனக்கு இன்னொரு அரைப்பேர் அகப்பட்டது. இன்டர்செக்ஷன் ஒப்சேவர்னு பேரு. 2016ல குரோம் 51ல வந்தது, இப்போ எல்லா பிரவுசர்லயும் இருக்கு. பக்கத்துல இருக்கிற ஒரு படமோ விளம்பரமோ திரைக்குள்ள எவ்வளவு வந்திருக்குன்னு பிரவுசரே அளந்து சொல்லும். 0ன்னா வெளியே, 1ன்னா முழுசா உள்ளே, 0.5ன்னா பாதி. எந்த அளவைத் தாண்டினா தனக்குச் சொல்லணும்னு தளம் கட்டுறவர் முன்கூட்டியே வச்சிடலாம். அதுக்கு முன்னாடி நாம விரலால தள்ளத் தள்ள ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டாங்க. விலை குறைஞ்ச போன்ல பக்கம் திக்கித் திக்கி நகர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கருவி அதிகமா உழைக்கிற இடங்கள்ல ஒன்னு விளம்பரம். அமெரிக்காவோட மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014ல ஒரு அளவு வச்சது: விளம்பரத்தோட பாதி, ஒரு விநாடி தொடர்ந்து திரையில நின்னா 'பார்க்கக்கூடியதா இருந்தது'ன்னு கணக்கு. வீடியோன்னா ரெண்டு விநாடி. அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "பாதி தெரிஞ்சா அவனுக்கு முழுப்பேரா? நமக்கு மட்டும் ஏன்டா பாதி?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல.

அந்தக் கணக்குக்குக் கண்ணு கிடையாது. போனைத் திறந்தபடி அடுப்படியில வச்சிட்டுத் தண்ணிக் குழாய்க்குப் போனாலும், திரை அணையிறதுக்குள்ள அந்த ஒரு விநாடி ஓடிடும். பெட்டி திரைக்குள்ள இருந்ததான்னுதான் அதுக்குத் தெரியும், யாராவது வாசிச்சாங்களான்னு தெரியாது.

எனக்குக் கோபம் அதுல இல்ல. தளம் நடத்துறவங்களுக்கும் சாப்பாடு வேணும், விளம்பரத்தை எண்ணட்டும். இதே கருவி நம்ம டேட்டாவையும் காப்பாத்தும், அதுக்கு யாரும் அதைத் தொடுறதில்லைங்கிறதுதான் விஷயம். ஒரு பக்கத்துல 20 படம், படம் ஒன்னு 300 கிலோபைட்னு வச்சுக்கங்க. எல்லாத்தையும் ஒரேயடியா இறக்கினா 6 எம்பி. வாசகர் ரெண்டு படத்தோட மூடிட்டுப் போனா, தேவைப்பட்டது 600 கிலோபைட்தான். படம் திரைக்குப் பக்கத்துல வரும்போது மட்டும் இறக்குன்னு சொல்ல இந்த ஒப்சேவர் போதும். அதுவும் கஷ்டம்னா, 2019ல குரோம் 76ல இருந்து படத்தோட குறியீட்டுல 'லோடிங்' இடத்துல 'லேசி'ன்னு ஒரு சொல் போட்டாலே பிரவுசர் பார்த்துக்கும். நான் தினமும் பார்க்கிற ஒரு செய்தித் தளம் விளம்பரத்தை இந்தக் கருவியால அளக்குது, படங்களை மொத்தமா நம்ம தலையில கொட்டுது. தெரியாம செய்யலைன்னுதான் நினைக்கிறேன். விளம்பரத்தை எண்ணினா அவங்களுக்குக் காசு, படத்தை நிறுத்தினா மிச்சம் நமக்கு.

2020ல பள்ளிக்கூடம் மூடினப்ப சிக்னல் தேடி மேடேறின பிள்ளைகளை நமக்குத் தெரியும். 2022 நெருக்கடியில டேட்டா விலை ஏறினதும் தெரியும். எங்க லயத்துல நாள் காட் போட்டு அளந்து அளந்துதான் நெட் பார்க்கிறாங்க. கொழும்புல வைபையில உட்கார்ந்து தளம் கட்டுறவருக்கு 6 எம்பி ஒரு எண்ணிக்கையே இல்ல.

இதையும் கண்ணை மூடிட்டுச் செய்யக்கூடாது. ஹட்டன்ல இருந்து தலவாக்கலைக்கு பஸ்ல வாங்க, சில வளைவுல சிக்னல் செத்துடும். கட்டுரையோட எழுத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இறக்குற பக்கம்னா பாதியில நிக்கும், கீழே வெள்ளை. அதனால எழுத்தை முதல்லயே முழுசா அனுப்பிடணும், படங்கள் மட்டும் காத்திருக்கட்டும். பக்கத்தோட முதல் படத்துக்கும் 'லேசி' போடாதீங்க, அது வீணா தாமதமாகும். ஒப்சேவர்ல ரூட் மார்ஜின்னு ஒன்னு இருக்கு. படம் திரையைத் தொடுறதுக்கு 200, 300 பிக்சல் முன்னாடியே இறக்கத் தொடங்கச் சொல்லலாம். மலையில அதைக் கொஞ்சம் கூட்டியே வைங்க.

நானும் யோக்கியன் இல்ல. எங்க தோட்டத்துத் திருவிழாப் படம் 40ஐ ஒரே பக்கத்துல ஏத்தினேன், ஒவ்வொன்னும் அரை எம்பி. கொழும்புல கடையில வேலை செய்ற மாமா அதைத் திறந்தார். சாமி புறப்பாடு வரைக்கும் பார்த்தாராம், அதோட அவர் காட் முடிஞ்சிடுச்சு. தேர்ப் படம் ரொம்பக் கீழே இருந்தது. அவர் போன் எடுத்துக் கேட்டது ஒன்னுதான்: "தம்பி, தேர் எப்படி இருந்துச்சு?"