கைநாட்டும் கடமையும்

காப்புறுதிச் சட்டம் தமிழாசிரியனுக்கு எதற்கு, அது கணக்கரும் வழக்கறிஞரும் பார்த்துக்கொள்ள வேண்டிய துறையன்றோ எனக் கேட்பார் உளர். தோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் ஒரு காலத்தில் யார் படித்துச் சொன்னார் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும், புக்கிட் ரோத்தான் முதல் தென்னமரம் வரை, கிராணியை அணுகத் தயங்கிய தொழிலாளி பள்ளி முடியும் வேளையில் வாத்தியாரைத்தான் தேடி வந்தான்.

காப்புறுதி நிறுவனத்தின் கடமைகளுள் ஒரு பாதியை நாடு நன்றாகவே காத்துவருகிறது. அறுபதுகளுக்கு முன் காளான்களென முளைத்த நிறுவனங்கள் பல, இன்று சேருபவரின் பணத்தை எடுத்து நேற்று இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தன. சேருவோர் குறைந்ததும் கைவிரித்தன. 1961இல் ஆயுள் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1962இல் அத்தகைய நிறுவனங்களைக் கட்டாயமாகக் கலைக்கவே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1963இல் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. மேற்பார்வை 1988இல் பேங்க் நெகாராவிடம் சென்றது. இன்று உரிமம் பெற்ற நிறுவனத்துக்குக் குறைந்தது 10 கோடி ரிங்கிட் மூலதனம் வேண்டும். அது ஏற்றுள்ள இடர்களுக்கேற்பக் கணக்கிடப்படும் மூலதன விகிதமும் 130 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கலாகாது. இவையெல்லாம் வீண் சுமை என முணுமுணுக்கும் நிறுவனத்தார் 1962ஐ ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

நம் சினமெல்லாம் மற்றப் பாதியைப் பற்றியது. பணப்பெட்டி நிறைந்திருந்தால் மட்டும் வாக்குறுதி நிறைவேறிவிடுமா?

பால்மரம் சீவும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முகவர் லயத்துக்கு வருகிறார். திண்ணையில் அமர்ந்து ஆங்கிலப் படிவத்தைத் தாமே நிரப்புகிறார். "இருமல் உண்டா?" என்கிறார். "கொஞ்சம் உண்டு, ஐயா" என விடை வருகிறது. "அது பரவாயில்லை" எனச் சொல்லி 'இல்லை' என எழுதுகிறார். கீழே கைநாட்டு. ஓராண்டில் அவர் இறந்தால், உண்மையை மறைத்தார் எனக் கூறி மனைவியின் கோரிக்கையை நிறுவனம் தள்ளுகிறது. மறைத்தவர் யார்?

இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1929இல் நியூஸ்ஹோம் வழக்கில் தந்த தீர்ப்பின்படி, பிறருக்காகப் படிவம் எழுதும் முகவர் அவ்வேளையில் அந்தப் பிறருடைய எழுத்தரே. அவர் எழுதிய பொய் கைநாட்டு வைத்தவரின் பொய்யாகிவிடும்! அந்த அநீதியைப் போக்கவே 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏ பிரிவு பின்னர்ச் சேர்க்கப்பட்டது: முகவர் அறிந்தது நிறுவனமே அறிந்ததாகும். 1996ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும் இதை விடாமல் தொடர்ந்தன. ஒப்பந்தம் ஈராண்டைக் கடந்துவிட்டால், வஞ்சகத்தை நிறுவனமே மெய்ப்பித்தாலன்றி ஆயுள் காப்புறுதியை மறுக்க இயலாது.

சட்டம் நல்லதுதான். ஆனால் திண்ணையில் பேசியதற்குச் சான்று எங்கே? பேசியவர் மண்ணுக்குள், முகவரோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். எஞ்சியிருப்பது படிவம் ஒன்றே; அது நிறுவனத்தின் பக்கம் நின்று பேசுகிறது. பொய்க்கூற்று நேராதபடி நியாயமான கவனம் கொள்ளவேண்டியது நுகர்வோரின் கடமை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். வினாவே விளங்காதவர் எவ்வாறு கவனம் கொள்வார்?

நம்மவர் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டனர், பிள்ளைகள் தேசிய மொழி கற்றுவிட்டனர், இனியும் ஏன் இந்தப் பேச்சு என்பர் சிலர். மலாய் வாசிக்கும் பிள்ளை 'பொருளுறு விவரம்' எது என்பதையும் அறிந்துவிடுமா? தாய் தகரப்பெட்டியில் வைத்திருக்கும் ஒப்பந்தத்தில் நியமனதாரராகத் தன் பெயர் உண்டா என அது என்றேனும் பார்த்ததுண்டா? இன்று அந்த மரங்களைச் சீவும் வேற்று நாட்டாருக்கும் இதே கேள்விதான்.

எனவே நாம் கேட்பது இது: விண்ணப்பிப்பவர் அறிந்த மொழியில் வினாக்களை வாசித்துக் காட்ட வேண்டும், எம்மொழியில் வாசித்தார் எனப் படிவத்திலேயே எழுதி முகவர் கையொப்பமிட வேண்டும், தமிழர்க்கு ஒப்பந்தத்தின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கொடுக்க வேண்டும். மூலதனத்தைக் கணக்கிடுவதுபோல் இதையும் பேங்க் நெகாரா தணிக்கை செய்யட்டும். செலவு மிகும் என்பார்களாயின், விற்பனைக்கு வரும்போது மட்டும் முகவர்க்குத் தமிழ் எங்கிருந்து வந்தது?