உடையும் அச்சு, உடையாத மரபு



கும்பகோணத்திற்கு மேற்கே காவிரிக் கரையில் அமைந்துள்ளது சுவாமிமலை. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றென இவ்வூரை அறியாதார் இலர். ஆயினும், அங்கே தலைமுறை தலைமுறையாக ஐம்பொன் திருவுருவங்களை வார்த்துவரும் ஸ்தபதியரைப் பற்றி நம்மில் எத்துணை பேர் அறிவோம்?

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோவிலை எழுப்பினான். அப்பணிக்கு வந்த சிற்பியரின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது இவர்களிடையே வழங்கிவரும் மரபு. தேவதச்சனாகிய விசுவகர்மாவைத் தம் குலமுதல்வராகக் கொள்ளும் இவர்களுக்குத் தொழிலே வழிபாடு. உருவத்தை முதலில் உள்ளத்தில் தியானித்த பின்னரே கையால் வடித்தல் வேண்டும் என்பது சிற்ப நூல்களின் விதி.

அளவுகோல் தென்னங்கீற்று! உருவத்தின் உயரத்திற்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அங்கங்களின் அளவைக் குறிப்பர். முதன்மைத் தெய்வங்களுக்கு 124 சம பாகங்கள் என்பது கணக்கு. பின்னர் தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்வர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுவர். வயல் மண்ணும், மணல் கலந்த மண்ணும் அடுத்தடுத்து அப்பப்பெறும். நிழலில் உலர்ந்த அச்சை இரும்புக் கம்பியால் கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் செம்பு முதலிய உலோகக் குழம்பை வார்ப்பர். அவ்வேளையில் உருவத்தைச் செய்விப்போர் பொன்னும் வெள்ளியும் சிறிதளவு இடுவதும் உண்டு.

ஆறியபின் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும். ஆகவே ஓர் அச்சில் ஒரே உருவம். அதுபோல் மற்றொன்று வேண்டுமாயின் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்குதல் வேண்டும். உளியால் நாள்கணக்கில் செதுக்கிய பின், நல்ல வேளையில் பொன்னாலான கருவி கொண்டு கண் திறப்பர். அதுவரை அது வெறும் உலோகமே என்பது அவர்தம் நம்பிக்கை.

இக்கலைக்குப் பெருமை குறையவில்லை. சுவாமிமலை வெண்கலச் சிலைகள் 2008இல் புவிசார் குறியீடு பெற்றன. 2023இல் தில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் உருவத்தையும் இவ்வூர் ஸ்தபதியரே வார்த்தனர். ஆனால், பெருமை மட்டும் கலையைக் காத்துவிடுமா? நெருப்பின் முன் பல ஆண்டுகள் நின்று பயில வேண்டிய தொழில் இது. விரைவில் ஊதியம் தரும் வேலைகளோ வெளியே பல. ஸ்தபதி ஒருவர் தம் பிள்ளைக்கு அச்சை விட்டுச்செல்ல இயலாது. அதுதான் ஒவ்வொரு முறையும் உடைபடுகிறதே! அவர் விட்டுச்செல்லக் கூடியது கைப்பழக்கம் ஒன்றே. பிள்ளை பக்கத்தில் அமர்ந்து பாராவிடில், அதுவும் அவரோடு முடிந்துபோகும். நல்வாய்ப்பாக, மரபுக் குடியில் பிறவாதோரும் இன்று பட்டறைகளில் சேர்ந்து பயின்று இச்சங்கிலி அறுபடாமல் காக்கின்றனர்.

நம் இல்லங்களிலும் இதுவே நிலை அன்றோ? சொத்தை எழுதி வைக்கலாம். பக்தியையும் நேர்மையையும் உழைப்பையும் எழுதி வைக்க இயலுமா? அருகில் அமர்ந்து பார்த்தே பிள்ளைகள் அவற்றைக் கற்பர். இன்று மாலை நம் பிள்ளைகள் நம் அருகில் அமர்ந்தால், எதைக் காண்பார்கள்?