ஹெவி மெட்டல் சங்கீதமும் பத்திரிகைப் பூசாரிகளும்

சென்ற 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 22ந் தேதி, ஆஸி ஆஸ்போர்ன் என்னும் இங்கிலீஷ் பாடகர் தமது 76ஆவது வயதில் காலமானார். 30ந் தேதி அவரது பிரேத ஊர்வலம் பர்மிங்காம் நகரத்துப் பிராட் தெரு வழியாகப் போனபோது, ஆயிரக்கணக்கான ஜனங்கள் இரு பக்கமும் நின்று அழுதார்கள். அந்நகரசபையார் அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவருக்கும் அவரது கூட்டாளிகள் மூவருக்கும் நகரத்தின் கௌரவ உரிமையை அளித்திருந்தார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாய்ப் புகழ்மாலை சூட்டின.

செத்தவரைப் புகழ்வதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். 1970இல் இவருடைய கூட்டத்தாரைச் சங்கீதக்காரர் என்று சொல்லவே லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கித் தள்ளியது யார்? 1980க்கு மேல் இவரைப் பிசாசின் ஏஜெண்டு என்று ஊரைக் கூட்டியது யார்? பத்திரிகையும் டெலிவிஷனும்தானே? பாட்டு அதே பாட்டு; பாடியவரும் அதே மனிதர். முதலில் குப்பை, பிறகு பிசாசு, கடைசியில் பொக்கிஷம் என்றால், இடையில் மாறியது எது?

ஒரு சங்கீதம் பிரபலமாவதும் அமுங்கிப் போவதும் அதனதன் யோக்கியதையைப் பொறுத்தது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். இது பெரும் ஏமாற்றம். உடுக்கை எவன் கையில் இருக்கிறதோ அவன் அடிக்கிற தாளத்துக்குத்தான் சாமியும் ஆடும், பேயும் ஆடும். நமக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இங்கிலீஷும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததுதான். ஆனாலும் இந்தப் புரட்டைக் கண்டுகொள்ள ஞானம் வேண்டியதில்லை. கொஞ்சம் ஞாபகசக்தி இருந்தால் போதும்.

பிறந்த இடம்

ஹெவி மெட்டல் என்றால் கனமான உலோகம் என்று அர்த்தம். மின்சார கிட்டாரை முழு ஓசையில் முடுக்கி, இடி இடிப்பதுபோல் வாசிக்கிற சங்கீதத்துக்கு அந்தப் பெயர். பர்மிங்காமில் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பேட்டையிலிருந்து வந்த நான்கு வாலிபர்கள் 'பிளாக் சப்பாத்' என்ற பெயரில் அதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பையன். இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13ந் தேதி வெளிவந்தது. அமெரிக்காவின் பெரிய சங்கீதப் பத்திரிகையாகிய 'ரோலிங் ஸ்டோன்' அதை இகழ்ந்து எழுதிற்று. ஆனால் இங்கிலாந்தில் அது விற்பனையில் 8ஆவது இடத்துக்கு வந்தது. அதே வருஷம் வந்த இரண்டாவது தட்டு முதல் இடத்தையே பிடித்தது. எழுதுகிறவன் வேண்டாமென்றான், உழைக்கிறவன் வாங்கினான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் புரட்டு

"ஜனங்களுக்குப் பிடித்ததைத்தானே நாங்கள் போடுகிறோம்" என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லுவதுண்டு. ஜனங்களுக்குப் பிடித்தது எது என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா?

அமெரிக்காவில் 'பில்போர்டு' என்னும் பத்திரிகை வாராவாரம் எந்தத் தட்டு அதிகம் விற்றது என்று பட்டியல் போடும். ரேடியோக்காரனும் கடைக்காரனும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சரக்கைப் போடுவான். 1991ஆம் வருஷம் மே மாதம் வரையில் அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்றால், கடைகளை விசாரித்து, அங்குள்ள சிப்பந்திகள் எது நன்றாக விற்கிறது என்று சொல்லுகிறார்களோ அதை எழுதிக்கொண்டார்கள். கடைச் சிப்பந்தியின் விருப்பு வெறுப்பும், கம்பெனிக்காரன் செய்யும் தயவும் அதில் புகுந்துகொள்ளாதா?

1991 மே 25ந் தேதியிட்ட பட்டியல் முதற்கொண்டு, விற்ற தட்டின் மேலுள்ள கோட்டு அடையாளத்தை இயந்திரம் வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். என்ன நடந்தது? ஒரே மாதத்தில் 'ஸ்கிட் ரோ' என்ற மெட்டல் கூட்டத்தாரின் தட்டு வந்த வாரத்திலேயே முதல் இடத்தில் ஏறிற்று. நீக்ரோ வாலிபர்களின் ராப் பாட்டும், நாட்டுப்புறத்து வெள்ளையர் கேட்கும் கண்ட்ரி பாட்டும் அதேபோல் மேலே வந்தன. ஆகஸ்டில் வந்த 'மெட்டாலிகா' கூட்டத்தாரின் தட்டும் நேரே முதல் இடத்துக்குப் போயிற்று.

ஒரே மாதத்தில் ஜனங்களின் காது மாறிவிட்டதா? இல்லை. தொழிலாளியும், கறுப்பனும், கிராமத்தானும் காசு கொடுத்து வாங்கியதை அதுவரையில் எவனும் நேராக எண்ணவில்லை! எண்ணுகிறவனை மாற்றியவுடன் இல்லாதவர்கள் எல்லாம் இருக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

இந்த மெட்டாலிகா கூட்டத்தார் 1986இல் போட்ட தட்டு, ரேடியோவின் பெரிய தயவு இல்லாமலும், டெலிவிஷனுக்கு ஒரு படம்கூட எடுத்துக் கொடுக்காமலும் 5 லட்சம் விற்றது. கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் ஒலிநாடாவில் பிரதி எடுத்து அனுப்பியும், தாங்களே சிறு பத்திரிகைகள் அடித்தும் பரப்பினார்கள். ஆனால் பெரிய மனிதர்கள் 1989 பிப்ரவரியில்தான் கிராமி பரிசில் முதன்முதலாக இதற்கென்று ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். அதையும் யாருக்குக் கொடுத்தார்கள்? புல்லாங்குழல் வாசித்துப் பெயர் பெற்ற 'ஜெத்ரோ டல்' கூட்டத்துக்கு! தீர்ப்புச் சொன்னவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான் போலும். ஜாதி தெரியாதவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டுத் தெரிந்தவனுக்கு இலை போட்ட கதைதான்.

பேய் பிடித்த கதை

மறைத்தது ஒரு பாவம். பேயாக்கியது அதைவிடப் பெரிய பாவம்.

1985இல் அமெரிக்க மந்திரி ஒருவரின் மனைவியும், சட்டசபை அங்கத்தினர்களின் மனைவிமார் சிலரும் சேர்ந்து பெற்றோர் சங்கம் ஒன்று ஏற்படுத்தி, பிள்ளைகளைக் கெடுப்பவை என்று 15 பாட்டுகளுக்கு ஜாபிதா போட்டார்கள். அதில் 9 மெட்டல் பாட்டு. செப்டம்பர் 19ந் தேதி செனட் சபைக் கமிட்டியில் விசாரணை நடந்தது. சங்கத்தை நடத்திய அம்மாளின் கணவரே அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தார்! டெலிவிஷன்காரருக்கோ கொண்டாட்டம். டீ ஸ்னைடர் என்ற பாடகர், தாம் எழுதிய பாட்டொன்று தமது கூட்டாளியின் தொண்டை ஆபரேஷனைப் பற்றியது என்றும், அதில் ஆபாசத்தைக் கண்டது படித்தவரின் மனம்தான் என்றும் எடுத்துச் சொன்னார். என்ன சொல்லி என்ன? நவம்பரில் தட்டுகளின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. சீட்டு ஒட்டிய சரக்கைச் சில பெரிய கடைகள் விற்க மறுத்தன. சீட்டைப் பார்த்தே வாங்கின பிள்ளைகளும் உண்டு. ஆக, வைதாலும் வியாபாரம்!

1988 அக்டோபரில் கெரால்டோ ரிவேரா என்பவர் பிசாசு வணக்கத்தைப் பற்றி டெலிவிஷனில் நடத்திய நிகழ்ச்சியைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். டெலிவிஷனில் பிசாசு ஓட்டம்! நம் ஊரில் பேய் பிடித்திருக்கிறது என்று குறி சொல்லுகிறவனும் பூசாரி. வேப்பிலை அடித்து ஓட்டக் காணிக்கை வாங்குகிறவனும் பூசாரி. அங்கே பூசாரி கோட்டும் சூட்டும் போட்டிருக்கிறான். வேறு வித்தியாசம் என்ன?

நெவாடா மாகாணத்தில் 1985 டிசம்பரில் இரண்டு வாலிபர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார், மற்றவர் மூன்று வருஷம் கழித்து இறந்தார். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' கூட்டத்தாரின் தட்டில் காதுக்குப் புலப்படாத கட்டளை ஒளிந்திருந்ததே காரணம் என்று வழக்குப் போட்டார்கள். 1990 ஆகஸ்டில் நீதிபதி, அது மூச்சொலியும் கிட்டார் ஒலியும் தற்செயலாகக் கலந்ததே என்று கண்டு, பாடகர் பக்கம் தீர்ப்பளித்தார். வழக்கு நடந்தபோது கேட்ட கூச்சலில் எத்தனை பங்கு தீர்ப்புக்குப் பின் கேட்டது?

கறுப்புச் சட்டை சாட்சியம்

இதெல்லாம் வெறும் பேச்சோடு போயிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்னும் ஊரில் 1993 மே மாதம் எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொலையுண்டார்கள். 16, 17, 18 வயதுள்ள மூன்று ஏழைப் பையன்களைப் பிடித்தார்கள். பிசாசுக்குப் பலி கொடுத்தார்கள் என்று ஊரெல்லாம், பத்திரிகையெல்லாம் பேச்சு. கறுப்புச் சட்டை போட்டதும், மெட்டாலிகா பாட்டுக் கேட்டதும் கோர்ட்டில் விரோதமாகச் சொல்லப்பட்டது. 1994இல் ஒருவனுக்கு மரணதண்டனை. இருவருக்கு ஆயுள் தண்டனை. பிற்காலத்தில் செய்த மரபணுப் பரிசோதனையில் அம்மூவரையும் அந்தக் குற்றத்தோடு சேர்க்கும் தடயம் ஒன்றும் அகப்படவில்லை. தாங்கள் நிரபராதிகள் என்று சொல்லிக்கொண்டே சட்டத்துக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு விசித்திர ஏற்பாட்டின்மேல் 2011 ஆகஸ்டு 19ந் தேதி வெளியே விட்டார்கள். 18 வருஷம்! பையனாய்ப் போனவன் நடுவயதுக்காரனாய் வந்தான். அந்த வருஷங்களை எந்தப் பத்திரிகை திருப்பிக் கொடுக்கும்?

கிறிஸ்தவ நாட்டில்தான் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். எகிப்தில் 1997 ஜனவரியில் பத்திரிகைகள் பிசாசு வணக்கம் என்று எழுதியதன் பேரில் சுமார் 100 வாலிபர்களைப் பிடித்து அடைத்தார்கள். மொராக்கோவில் 2003இல் காசாபிளாங்கா கோர்ட்டு 14 பேருக்கு ஒரு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தண்டனை விதித்தது. அங்கேயும் கறுப்புச் சட்டையும் மண்டையோட்டுப் படமும் சாட்சியம்! மேல்கோர்ட்டில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். மதம் வேறு, பாஷை வேறு. பூசாரியும் பத்திரிகையும் கைகோத்தால் எங்கும் ஒரே பலன்தான்.

மறுபடியும் கடைச் சரக்கு

இனி, தூக்கிவிட்ட கதையைப் பாருங்கள். 1981இல் துவங்கிய எம்.டி.வி. என்னும் டெலிவிஷன் நிலையத்துக்கு நாள் முழுவதும் பாட்டுப் படம் வேண்டியிருந்தது. கம்பெனிகள் படத்தை எடுத்துக் கொடுத்தன. நிலையத்தார் அதை ஓட்டி விளம்பரக் காசு வாங்கினார்கள். முகப்பூச்சும் தலைமுடி அலங்காரமும் உள்ள கூட்டங்கள் கண்ணுக்குக் கவர்ச்சியாக இருந்தன. 1983 நவம்பரில் 'குவயட் ரயட்' என்ற கூட்டத்தாரின் தட்டு முதல் இடத்துக்கு வந்தது. 1987 முதல் மெட்டலுக்கென்றே வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பிறகு வேறு மோஸ்தர் வந்தது. 1995இல் அதை யாதொரு தயவுமின்றி நிறுத்தினார்கள். கரும்பு இனித்தவரை சாறு, பிறகு சக்கை.

2022 ஜூலையில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடர்கதைப் படத்தில் மெட்டாலிகாவின் 1986ஆம் வருஷத்துப் பாட்டொன்றைச் சேர்த்தார்கள். உடனே 36 வருஷத்துப் பழைய பாட்டு அமெரிக்காவின் முதல் நூறு பாட்டுகளின் பட்டியலில் முதன்முறையாக ஏறிற்று. அதை வாசிக்கும் கதாபாத்திரம் யார்? ஊரார் பிசாசு வணங்கி என்று வேட்டையாடும் ஒரு வாலிபன்! முன்னே வேட்டையாடிக் காசு சம்பாதித்தார்கள். இப்போது வேட்டைக்கு அழுது காசு சம்பாதிக்கிறார்கள்.

சில ஆட்சேபணைகள்

நார்வே தேசத்தில் மெட்டல்காரர்கள் 1992 முதல் சர்ச்சுகளைக் கொளுத்தவில்லையா, கொலை செய்யவில்லையா என்று சிலர் கேட்கலாம். செய்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள், அது நியாயமே. ஆனால் ஏதோ சிலர் செய்த குற்றத்தை உலகமெங்கும் பாட்டுக் கேட்பவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அந்தக் குற்றவாளிகளின் கதையை 1993இல் அட்டைப்படத்தில் போட்டு விற்றதும் ஒரு சங்கீதப் பத்திரிகைதானே?

இந்தப் பாட்டில் பெண்களை இழிவுபடுத்துவது இல்லையா என்றால், உண்டு, கண்டிக்கவேண்டியதே. எந்தப் பாட்டு, என்ன சொல், ஏன் தப்பு என்று காரணம் காட்டிக் கண்டியுங்கள். பிசாசு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், மெய்யான குற்றமும் அந்தப் புகையில் மறைந்துபோகும்.

பத்திரிகையால் நன்மையே இல்லையா? உண்டு. வெஸ்ட் மெம்ஃபிஸ் வாலிபர்களின் வழக்கை 1996இல் படம் பிடித்து வெளியிட்டவர்களால்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் பிறந்தது. அவர்களும் காமிராக்காரர்களே. காமிராவைக் கோர்ட்டுக்குள் கொண்டுபோய், சாட்சியத்தை ஜனங்கள் முன் வைத்தார்கள். செய்தியும் வேப்பிலையும் பிரிகிற இடம் அதுதான்.

ஆகவே தோழர்களே! இந்தச் சங்கீதத்தைக் கேளுங்கள் என்றோ, கேட்காதீர்கள் என்றோ சொல்ல நாம் வரவில்லை. பிடித்தால் கேளுங்கள், காது வலித்தால் நிறுத்துங்கள். ஆனால் எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்று பத்திரிகை சொன்னால், எண்ணியது யார் என்று கேளுங்கள். நாட்டைக் கெடுக்கிறது என்று சொன்னால், சாட்சியம் எங்கே என்று கேளுங்கள். இரண்டையும் சொல்லி முடித்தபின், காணிக்கை எவன் தட்டில் விழுந்தது என்று பாருங்கள். அர்க்கன்ஸாஸில் இந்தக் கேள்விகளை 1993இலேயே பத்துப் பேர் உரக்கக் கேட்டிருந்தால், மூன்று பிள்ளைகள் 18 வருஷம் சிறையில் கிடந்திருப்பார்களா? யோசித்துப் பாருங்கள்.