கைகளுக்குத் திறப்பு, கைப்பிடித்தவளுக்கு அடைப்பா?



புதுக்கோட்டை, தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் செல்லுங்கள். மணமான மாதமே மணமகன் விமானம் ஏறிவிட்ட வீடு ஒன்றேனும் இருக்கும். மாமியார் வீட்டில் மருமகள் இருப்பாள். கணவன் கைப்பேசியில் இருப்பான்! பிறந்த குழந்தை தந்தையின் குரலை அறியும். தந்தையின் தோளை அறியாது.

இது விதியா? இல்லை. சட்டம்! மனிதன் எழுதிய சட்டம். மனிதன் மாற்றக்கூடிய சட்டம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கப்பல் பட்டறையில் பற்றவைக்க, கட்டடத்துக்குக் கம்பி கட்ட, நம் தொழிலாளிக்கு 'ஒர்க் பெர்மிட்' தருகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டை வைத்திருப்பவன் மனைவியை அழைத்துக் குடியமர்த்த முடியாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்க விரும்பினாலும் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்! மனைவிக்கு 'டிபென்டன்ட் பாஸ்' கேட்கும் உரிமை, மேற்படியில் உள்ள எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்குத்தான். அவர்களுக்கும் மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் இருந்தாக வேண்டும்.

வளைகுடா மட்டும் வேறா? ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் குடியிருப்பும் இருந்தால்தான் குடும்ப விசா. சவூதி அரேபியாவில் குடும்பத்தாருக்குத் தலைவரி 2017 ஜூலையில் வந்தது. தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி, 2020-இல் 400 ரியாலாயிற்று. மனைவி ஒருத்திக்கே ஆண்டுக்கு 4,800 ரியால்! அந்தச் சுமைக்கு அஞ்சி, அழைத்து வந்தவர்களையே ஊருக்குத் திருப்பி அனுப்பியோர் பலர்.

ஆக, ஏட்டில் இல்லாத ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. மேலாளருக்கு இல்லறம், தொழிலாளிக்குத் துறவறம்! இதை நாம் ஏற்பதா?

"அவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள்தானே!" என்பார்கள். தற்காலிகமா? 2025 ஜூலை முதல், ஒர்க் பெர்மிட்காரர் இத்தனை ஆண்டுகள்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பையே சிங்கப்பூர் அரசு நீக்கிவிட்டது. வேலை செய்வதற்கான உச்ச வயதையும் 63 ஆக்கியது. இருபதில் வந்தவன் அறுபது வரை உழைக்கலாம். ஆனால் குடும்பத்தோடு வாழ மட்டும் அவன் தற்காலிகம்! உழைப்பு நிரந்தரம், உழைப்பாளி தற்காலிகம் என்பது என்ன நியாயம்?

"சிறிய நாடு, இடமில்லை, பள்ளி, மருத்துவமனைச் செலவு தாங்காது" என்பது அடுத்த வாதம். இடநெருக்கடி உண்மைதான். ஆனால் 6,000 வெள்ளிக்காரனின் மனைவிக்கு இருக்கும் இடம், 1,000 வெள்ளிக்காரனின் மனைவிக்கு மட்டும் எப்படி இல்லாமற்போகும்? பஞ்சம் இடத்துக்கு அல்ல, மனத்துக்கு!

"தெரிந்துதானே கையெழுத்திட்டான்?" என்று கேட்போரும் உண்டு. கையெழுத்திட்டது அவன் கை. இடவைத்தது அவன் வீட்டுக் கடன்.

இந்தப் போராட்டம் தமிழனுக்குப் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில், கணவனைத் தேடிக் கப்பலில் வந்த ஒரு மனைவியை இறங்கவிடாமல் தடுத்தார்கள். பலதார மணத்துக்கு இடந்தரும் சமயமுறையில் நடந்த மணத்தை ஏற்கமுடியாது என்று 1913 மார்ச்சில் நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். இந்தியக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. பெண்களே போராட்டத்தில் குதித்தார்கள். தில்லையாடியை மூதாதையர் ஊராகக் கொண்ட வள்ளியம்மை சிறை சென்றாள், நோயுற்று வெளிவந்தாள், 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் உயிர் துறந்தாள். அதே ஆண்டில் வந்த சட்டம் இந்தியரின் ஒருதார மணத்தை ஏற்றது; மூன்று பவுன் வரியும் ஒழிந்தது. கெஞ்சியதால் அல்ல, போராடியதால்!

இன்று செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, தில்லியின் கடமை. அயல்நாட்டுத் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் உரிமைகளுக்காக ஐ.நா. 1990-இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. குடும்பம் சேர்ந்து வாழ வழிசெய்க என்கிறது அதன் 44-ஆம் பிரிவு. வேலை தரும் அந்த நாடுகள் அதை ஏற்கவில்லை. அனுப்பும் இந்தியாவும் ஏற்கவில்லை! 2022-இல் அயலகத்தார் அனுப்பிய பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. பணத்தை வரவு வைக்கும் தில்லி, பணம் அனுப்பியவனின் கண்ணீரை எந்தக் கணக்கில் வைக்கிறது? முதலில் கையெழுத்திடட்டும், பிறகு மற்றவரைக் கேட்கட்டும்.

இரண்டாவது, தொழிலாளர் ஒப்பந்தப் பேச்சுகளில் குடும்ப உரிமை இடம்பெற வேண்டும். இரண்டாண்டு பணி முடித்தவனின் மனைவிக்கு, குடியுரிமை அல்ல, ஆண்டில் சில திங்களாவது உடன் தங்கும் உரிமை! இது பேராசையா?

மூன்றாவது, நம் கிளைக் கழகங்களின் வேலை. விசா கேட்கும் இடத்தில் தாலியைக் காட்ட முடியாது. சான்றிதழைத்தான் காட்ட வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணாவின் ஆட்சி 1967-இல் சட்டத் தகுதி தந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும். மணமகன் புறப்படுமுன் பதிவு நடந்ததா என்று தோழர்கள் கேளுங்கள். நடக்கவில்லையென்றால் உடன் சென்று முடித்துக் கொடுங்கள்.

தொழிலாளி என்பவன் இரு கைகள் மட்டுமல்ல. அவனுக்கு நெஞ்சமுண்டு, அந்த நெஞ்சில் ஒருத்தி உண்டு. கைகளை வரவேற்கும் நாடு மனிதனையும் வரவேற்கட்டும் என்று ஊர்தோறும் முழங்குவோம்!