75 எங்கிருந்து வந்தது?

தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வழங்கியது. ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றக்கூடாது என்பது உறுதியாகிவிட்டது என்று நாளிதழ்கள் ஒரே வரியில் முடித்துக்கொண்டன. ஆட்தேர்வைக் கற்பிப்பதும் நடத்துவதுமே தொழிலாகிவிட்ட நமக்கு அந்த ஒரு வரி போதாது.

விளம்பரம் வெளியாகும் நாளில் ஆட்சேர்ப்பு தொடங்குகிறது, இடங்கள் நிரம்பும்போது முடிகிறது. இடையில் தகுதி வரையறையை மாற்ற வேண்டுமானால் நடப்பு விதியிலோ, விதிக்கு முரணில்லாத விளம்பரத்திலோ அதற்கு இடம் இருக்க வேண்டும். இருந்தாலும் அந்த மாற்றம் அரசமைப்பின் 14ஆவது பிரிவின் முன் நிற்க வேண்டும். இதே நீதிமன்றம் முன்பு தந்த மஞ்சுஸ்ரீ தீர்ப்பு (2008) செல்லும். மார்வாஹா தீர்ப்பு (1973) அதற்கு முரணானதும் அல்ல. முன்னது பட்டியலில் இடம்பெறும் உரிமை பற்றியது, பின்னது பட்டியலிலிருந்து பணி பெறும் உரிமை பற்றியது. இந்தப் பிரிப்பை அமர்வு தெளிவாகச் செய்திருக்கிறது. இதையெல்லாம் இந்த இதழ் வரவேற்கிறது.

கூர்ந்து படிக்க வேண்டியது தேர்வின் வெவ்வேறு கட்டங்களுக்கான வெட்டு மதிப்பெண் பற்றிய பகுதி. பொதுவாக அதை விளம்பரத்துக்கு முன்பே வகுத்துவிட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் வகுத்துக்கொள்ள விதியோ விளம்பரமோ அதிகாரம் தந்திருந்தால், அந்தந்தக் கட்டம் வருவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் வகுக்கலாம். விண்ணப்பித்தவரோ மதிப்பிடுபவரோ எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இனி விளம்பர வாசகங்களில் ‘தேவைப்படின் ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தபட்ச மதிப்பெண் நிர்ணயிக்கப்படும்’ என்றொரு வரி கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்படும். அந்த வரியைச் சேர்த்துவிட்டாலே வேலை முடிந்தது என்று சட்டப் பிரிவு அலுவலர்கள் மனிதவளப் பிரிவுக்குச் சொல்லித் தருவார்கள்.

வழக்கின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் 13 மொழிபெயர்ப்பாளர் இடங்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்த பிறகு, 75 விழுக்காடு பெற்றவர்களை மட்டும் எடுத்தால் போதும் என்று தலைமை நீதிபதி ஆணையிட்டார். தேறியவர்கள் மூன்று பேர். அன்றிலிருந்து வழக்காடியது முழுவதும் அந்த 75 எப்போது சொல்லப்பட்டது என்பதைப் பற்றித்தான். ஏன் 75, ஏன் 70 அல்ல, 62 அல்ல என்பது யாருக்கும் வழக்காகவில்லை. மார்வாஹாவில் ஹரியானா அரசு 55 என்றது. 40 பேர் தேறியிருந்தும் முதல் ஏழு பேரோடு நிறுத்திக்கொண்டது. அங்கும் அந்த எண்ணின் பிறப்பை யாரும் விசாரிக்கவில்லை.

அதை விசாரிக்க வேண்டியது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது சரி. அது நம் வேலை. பணிப் பகுப்பாய்விலிருந்து வந்ததா? ‘இந்தப் பணியைக் குறைந்தபட்சம் ஒழுங்காகச் செய்யக்கூடிய ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை சொல்வாரா’ என்று வினாவுக்கு வினா வல்லுநர்களைக் கேட்டுக் கணக்கிடும் அங்காஃப் முறையிலிருந்து வந்ததா? மதிப்பெண்ணில் உள்ள அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுத்தார்களா? 74 எடுத்தவருக்கும் 75 எடுத்தவருக்கும் இடையிலான வேறுபாடு அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும் என்பது நம் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியுமா என்றால், நம் வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ‘ஆட்சேர்ப்புக்கும் தேர்வுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக’, ‘நேர்காணலின் வகைகளை விளக்குக’. ஒரு பணிக்கு வெட்டு மதிப்பெண் வகுத்து அதற்குக் காரணம் காட்டச் சொல்லும் கேள்வியைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

மனிதவளத் திட்டமிடலுக்கும் தீர்ப்பில் ஒரு வேலை இருக்கிறது. காலியிடம் இருக்கும்போது பட்டியலில் உள்ளவரைக் காரணமின்றி ஒதுக்க முடியாது என்று ஆகிவிட்டதால், விளம்பரத்தில் போடும் இட எண்ணிக்கைக்கு இனி பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓய்வுபெறுவோர் கணக்கை எழுத்தரிடம் வாங்கி அப்படியே ஒட்டிவிடும் பழக்கம் இதோடு நின்றால் நல்லது.

நிர்வாகங்கள் கையாளும் நடைமுறை வெளிப்படையாகவும் பாகுபாடற்றதாகவும், அடைய வேண்டிய நோக்கத்தோடு அறிவார்ந்த தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நாம் ஏற்புடைமை என்று வகுப்பில் கற்பிக்கிறோம். 1998இல் ஆய்வாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் கட்டமைக்கப்படாத நேர்காணலுக்கு 0.38 என்ற ஏற்புடைமைக் கெழுவைத் தந்தார்கள். வீச்சுக் குறுக்கத்துக்கான திருத்தம் அளவுக்கு மீறிச் செய்யப்பட்டிருந்தது என்று காட்டி, 2022இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அதை 0.19க்கு இறக்கினார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது, அறிவாற்றல் சோதனை 0.31க்குச் சரிந்தது. இந்த அட்டவணையைப் பலகையில் எழுதிப் போடும் ஆசிரியர் எந்த முறையில் தேர்வாகி அந்தப் பலகையின் முன் நிற்கிறார்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 நெறிமுறைகளைப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்குப் பட்டம், முனைவர் பட்டம், நெட், வெளியீடு, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி தரும் அட்டவணை இருக்கிறது. அதன் அடியில் ஒரு குறிப்பும் இருக்கிறது: இந்தப் புள்ளிகள் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே, தேர்வு நேர்காணலில் வெளிப்படும் திறனை மட்டுமே கொண்டு அமையும். பத்தாண்டு உழைத்துச் சேர்த்ததெல்லாம் அறை வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே துணைவேந்தர் தலைமை, துணைவேந்தர் நியமிக்கும் மூன்று பாட வல்லுநர்கள், இன்னும் சிலர். வெளி வல்லுநர் இருவர் உட்பட நால்வர் இருந்தால் கூட்டம் செல்லும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், விடைக்கு விடை மதிப்பெண் இட வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் அங்கே இல்லை. மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லி மதிப்பிட‘லாம்’ என்கிறது நெறிமுறை. கற்பிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கற்பிக்கச் சொல்லிப் பார்ப்பது விருப்பப் பாடம்!

ஒப்பிட்டுப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்கிறது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணல் கிடையாது. காரணம், நேர்காணல் சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் கதவு திறந்துவைக்கிறது என்பது. மத்திய அலுவலகத்தில் கோப்பு சுமப்பவரை நேர்காணலால் எடுக்கக் கூடாது, முனைவர் பட்ட நெறியாளரை நேர்காணலால் மட்டுமே எடுக்க வேண்டும். அஜய் ஹாசியா வழக்கில் மாணவர் சேர்க்கைக்கே நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். முதிர்ந்தவர்களுக்கான பதவிகளில் கூடுதல் எடை தரலாம் என்று லீலா தர் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதையும் மறைக்க வேண்டியதில்லை. கூடுதல் என்றால் நூற்றுக்கு நூறா? இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் தில்லியிலிருந்து பதில் வருவதில்லை. தேர்வுமுறை ஆய்வில் பேர்பெற்ற ஒரு துறையையாவது அழைத்து ‘எப்படி ஆள் எடுக்கலாம்’ என்று மானியக் குழு கேட்டிருக்கலாம். கேட்டதாக நமக்குச் செய்தி இல்லை.

இப்போது தேஜ் பிரகாஷ் தீர்ப்பு இந்த ஏற்பாட்டுக்குக் கவசமாகவும் ஆகலாம். சட்ட வலு உள்ள விதி, செயல்முறையிலும் தகுதியிலும் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்கிறது தீர்ப்பு. அப்படியானால் நேர்காணல் மட்டுமே என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டவரை விதி மாறிவிட்டது என்று யார் குறை சொல்ல முடியும்? ஆட்டத்தின் நடுவில் யாரும் எதையும் மாற்றவில்லையே.

2025 ஜனவரி 6 அன்று வெளியான மானியக் குழுவின் புதிய வரைவு நெறிமுறைகள் பழைய புள்ளி அட்டவணையை எடுத்துவிட்டன. மேல்நிலைப் பதவிகளுக்கு ஒன்பது வகைப் பங்களிப்புகளில் குறைந்தது நான்கைக் காட்ட வேண்டுமாம். எந்தப் பங்களிப்புக்கு என்ன எடை என்பதைத் தேர்வுக் குழு பார்த்துக்கொள்ளும். இதே வரைவில் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பது பற்றி மாநிலங்கள் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது. தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சத்தத்தில் ஆசிரியர் தேர்வு முறை யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்பதுதான் நம் கவலை.

மானியக் குழுவுக்கு இந்த இதழின் சார்பில் கருத்துரை அனுப்புகிறோம். மாதிரி வகுப்பைக் கட்டாயமாக்குங்கள். நேர்காணலைக் கட்டமைத்து, அதற்கான எடையை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். குழு உறுப்பினர்கள் தனித்தனியே இட்ட மதிப்பெண் தாள்களைப் பாதுகாத்து, விண்ணப்பித்தவர் கேட்டால் காட்டுங்கள். வெட்டு மதிப்பெண் வைப்பதானால் அது வந்த வழியை ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் சேருங்கள். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் வாசகர்கள் வரும் கூட்டத்திலேயே வெட்டு மதிப்பெண் வகுத்தலை ஒரு தனி அலகாக, செய்முறைப் பயிற்சியோடு சேர்க்கலாம். தேஜ் பிரகாஷ் வழக்கையே முதல் பயிற்சியாக வைக்கலாம். வரைவு வெளியானபோது கருத்துச் சொல்ல 30 நாள்தான் அவகாசம் தந்தார்கள். இப்போதும் துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்பினால் எடை கூடும். அவர் தயங்கினால் நீங்கள் உங்கள் பெயரிலேயே அனுப்பிவிடுங்கள்.